டின்னில் வரும் புரதமும் அடுப்படியில் இருக்கும் புரதமும்



உடல் வளர்வதற்கும் வலுவாக இருப்பதற்கும் புரதச்சத்து வேண்டும் என்பது இன்று தோட்டத்துச் சிறு பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. தெரிந்திருப்பது நல்லதே. ஆனால் அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டே ஒருவர் கையில் டின்னுடன் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எப்போது வாங்கலாம், எப்போது வேண்டாம் என்று சொல்லலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய பேச்சில் அதைத்தான் ஆராயப் போகிறோம்.

ஜொகூரில் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். மாணவி ஒருத்தியின் தாயார் ஒருநாள் பள்ளி விட்ட பிறகு எங்களைத் தேடி வந்தார். கைப்பைக்குள்ளிருந்து ஒரு டின்னை எடுத்து மேசைமேல் வைத்து, “டீச்சர், இதிலே என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார். டின்னின் முன்புறத்தில் தசை முறுக்கிய கை ஒன்றின் படமும், ‘புரோட்டீன்’ என்ற பெரிய எழுத்தும் இருந்தன. விலை 98 வெள்ளி. மாதம் இரண்டு டின், சம்பளத்தன்று தவணை. ஒன்று பிள்ளைக்கு, ஒன்று வீட்டிலிருக்கும் மாமியாருக்கு.

டின்னைத் திருப்பிப் பின்புறம் பொடி எழுத்தில் இருந்த கட்டத்தை வாசித்தோம். டின்னில் இருந்தது 500 கிராம் மாவு. 100 கிராம் மாவில் புரதம் 8 கிராம். சர்க்கரை 45 கிராம். அப்படியானால் டின் முழுவதிலும் இருக்கும் புரதம் 40 கிராம்தான். ஒரு கோழி முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. ஆகவே, 98 வெள்ளி கொடுத்து வாங்கிய அந்த டின்னில் இருந்த புரதம் ஏழு முட்டையில் இருக்கும் புரதத்துக்கு மேல் இல்லை.

இதைச் சொன்னதும் அந்தத் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தவணை கட்டணும்னு ரெண்டு மாசமா முட்டை வாங்குறதையே நிறுத்திட்டேன் டீச்சர்” என்றார்.

நேயர்களே, டின் வாங்கியதில் அவரிடம் குற்றம் இல்லை. பிள்ளை மெலிந்திருக்கிறதே என்ற கவலை, தாய்க்கு இருக்க வேண்டிய கவலைதான். அந்தக் கவலைக்குச் சரியான வழி எது என்பதைக் காட்டுவதுதான் நம் கடமை.

முதலில், புரதம் என்பது என்ன? நம் உடம்பில் தசை, தோல், முடி, இரத்தம், நோயை எதிர்க்கும் பொருள்கள் ஆகிய எல்லாம் புரதத்தால் ஆனவை. வீடு கட்டச் செங்கல் எப்படியோ, அப்படிப் புரதத்துக்கு அமினோ அமிலங்கள். அவற்றில் இருபது வகை உண்டு. அந்த இருபதில் ஒன்பதை உடம்பு தானே செய்துகொள்ள முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். முட்டை, மீன், இறைச்சி, பால், சோயா ஆகியவற்றில் இந்த ஒன்பதும் நல்ல அளவில் இருக்கின்றன. அரிசியில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசையும்போதும், அரிசியோடு உளுந்தைச் சேர்த்துத் தோசைக்கு அரைக்கும்போதும், ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. நம் பாட்டிமார் இந்தப் பெயர்களை அறிந்தவர்கள் அல்லர். ஆயினும் சரியாகவே சமைத்தார்கள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? மலேசியாவில் 2017ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஊட்டச்சத்துப் பரிந்துரையின்படி, வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய 60 கிராம், பெண்ணுக்கு 50 கிராமுக்குச் சற்று மேல். உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 23 கிராம். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

60 கிராம் என்றதும் மலைக்க வேண்டாம். செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் ஒரு நாள் உணவை எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று தோசை, 8 கிராம். ஓர் அவித்த முட்டை, 6 கிராம். மதியம் சோற்றில் 7 கிராம், ஒரு கரண்டிப் பருப்பில் 6 கிராம், நடுத்தரத் துண்டு மீனில் 12 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 7 கிராம். இரவில் சோறு 6 கிராம், இரண்டு மூன்று துண்டு தெம்பே 9 கிராம். கூட்டிப் பாருங்கள், 61 கிராம் வருகிறது. இதில் எந்த டின்னும் இல்லை. எந்தத் தவணையும் இல்லை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வயிறு நிறையச் சாப்பிடாமல் புரதத்தை மட்டும் உட்கொண்டால் பயன் குறைவு. உழைப்பதற்கு வேண்டிய எரிசக்தி சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் கிடைக்காதபோது, உடம்பு புரதத்தையே எரித்துச் சக்தியாக்கிவிடும். கூரைக் கட்டையைப் பிடுங்கி அடுப்பெரிப்பது போன்ற செயல் அது. அதேபோல, தேவைக்கு மிஞ்சிய புரதத்தை உடம்பு பின்னாளைக்கு என்று சேர்த்து வைப்பதும் இல்லை. ஈரல் அதைப் பிரித்து யூரியாவாக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றும். கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதல் தசை வரும் என்பது உண்மையன்று. தசை உழைப்பால் வளர்கிறது. புரதம் அதற்குத் துணை நிற்கிறது.

டின்னில் வரும் சத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட நாட்டில் பணியாற்றியபோது, கைகால் வீங்கி, தோல் உரிந்து மடியும் குழந்தைகளைக் கண்டார். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்டு, சோளக் கூழை மட்டும் உண்ட குழந்தைகள் அவர்கள். அந்நாட்டு மக்கள் அந்த நோயை அழைத்த ‘குவாஷியோர்க்கர்’ என்ற பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்கு அவர் அறிவித்தார். உணவில் புரதம் குறைந்தால் வரும் கேடு என்ன என்பதை உலகம் அவர் வழியாக உணர்ந்தது.

அதே டாக்டர் பிறகு மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கே அவர் கண்டது வேறொன்று. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, சர்க்கரை கலந்த டின் பாலைக் கரைத்துக் கொடுத்ததால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’ என்பதுதான். குழந்தைக்கு ஏற்றதல்லாத பாலை நல்ல உணவு என்று விளம்பரம் செய்து விற்பதை அவர் கொலை என்றே கூறினார். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1981இல், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் நெறியை உலகச் சுகாதார மாநாடு ஏற்றுக்கொண்டது.

இன்றும் நம் வீடுகளில் தேநீருக்கு ஊற்றும் கெட்டிப்பால் டின்னை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் பால் என்ற சொல்லே இராது. ‘கிரிமர்’ என்று இருக்கும். அதில் பெரும்பங்கு சர்க்கரை. கொழுப்பு, நாம் வெட்டி அனுப்பும் செம்பனையின் எண்ணெய். புரதம் மிகச் சிறிதளவே. அதைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை பால் குடித்தது என்று எண்ணக் கூடாது.

இனி, மாவைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். கடையில் புரத மாவு என்று கிடைப்பவை இருவகை. ஒருவகை, உண்மையிலேயே புரதம் மிகுந்தவை. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் தெளிந்த நீரை வடித்து உலர்த்தினால் கிடைப்பது வே புரதம். சோயா அவரையிலிருந்து எண்ணெயையும் மாவுச்சத்தையும் நீக்கிச் செய்வது சோயாப் புரதம். இவற்றில் 100 கிராமுக்கு 70 முதல் 90 கிராம் வரை புரதம் இருக்கலாம். மற்றொரு வகை, மால்ட்டும் சர்க்கரையும் சேர்ந்த பான மாவுகள். அவை சுவையானவை, ஆனால் அவற்றைப் புரத மாவு என்று கொள்ள இயலாது.

இவற்றை வேறுபடுத்திக் காண நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, பின்புறக் கட்டத்தில் 100 கிராமுக்குப் புரதம் எத்தனை கிராம் என்பது. இரண்டாவது, அதே கட்டத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்பது. மூன்றாவது, சேர்மானப் பட்டியல். எது அதிகமாக இருக்கிறதோ அதுவே முதலில் எழுதப்பட்டிருக்கும். முதற்சொல் சர்க்கரை என்றால் நீங்கள் வாங்குவது சர்க்கரைதான். நான்காவது, காலாவதித் தேதி. சர்க்கரையை மலாயில் ‘கூலா’ என்றும் புரதத்தை ‘புரோட்டின்’ என்றும் எழுதியிருப்பார்கள். உங்களால் வாசிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். பிள்ளைக்கும் அது நல்ல பாடம்.

பிறகு விலைக் கணக்கு. டின் விலையை டின்னில் உள்ள மொத்தப் புரதத்தால் வகுத்தால், ஒரு கிராம் புரதம் என்ன விலை என்பது தெரிந்துவிடும். முன்பு சொன்ன டின்னில் ஒரு கிராம் புரதம் 2 வெள்ளி 45 காசு. 150 வெள்ளி விலையுள்ள 900 கிராம் டின்னில் நூற்றுக்கு 75 பங்கு புரதம் இருந்தால் ஒரு கிராம் 22 காசு. முட்டை ஒன்று 45 காசு என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராம் ஏழரைக் காசு. கிலோ 7 வெள்ளிக்கு வாங்கும் பருப்பில் ஒரு கிராம் 3 காசுக்குச் சற்று மேல். விலைகள் கடைக்குக் கடை மாறும். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விலை மாறினாலும் பருப்பும் முட்டையும் முன்னால் நிற்பதைக் காண்பீர்கள். நெத்திலிக் கருவாட்டில் ஏறக்குறைய பாதி எடை புரதம்தான். அதில் உப்பு மிகுதியாதலால் நன்றாக அலசிவிட்டுச் சமைக்க வேண்டும்.

அப்படியானால் புரத மாவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பல் இல்லாமல் மெல்ல முடியாத முதியோர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தேறி வருபவர், நோயினால் உணவு செல்லாதவர் ஆகியோருக்கு மருத்துவமனையில் உணவியல் வல்லுநரே இத்தகைய மாவைப் பரிந்துரைப்பதுண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தசை தேய்வதால், புரதம் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். அவர்களுக்கு மாவு உதவும். ஆனால் அது உணவோடு சேர வேண்டியது. உணவுக்குப் பதிலாக நிற்க வேண்டியதன்று. காய்ச்சி ஆறிய நீரில் கலக்குங்கள். கஞ்சியில் கலந்தாலும் நன்று. அளவு கரண்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மூடியைத் திறந்துபோட்டால் மாவு கட்டிபிடித்துப் பூசணம் பூக்கும். பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு ஆகிறவர்களுக்கு வே மாவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31.4 பேர், எல்லா இனத்தாரிலும் நாமே முதலிடம். இனிப்புநீர் நோய் நீடித்தால் சிறுநீரகம் பழுதுபடும். பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு மிகுதியான புரதம் சுமையாகும். சர்க்கரை மாவோ இனிப்புநீரை ஏற்றிவிடும். நாங்கள் முன்பு சொன்ன வீட்டில் மாமியாருக்கு இனிப்புநீர் இருந்தது. சிறுநீரகம் பலவீனப்பட்டிருப்பதாகவும் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவருக்குத்தான் தினம் இரண்டு வேளை, பாதி சர்க்கரையாக இருந்த மாவு கொடுக்கப்பட்டது. விற்றவர் இதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. வீட்டார் சொல்லவும் இல்லை. இனிப்புநீர், சிறுநீரக நோய், ஈரல் நோய் உள்ளவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் கேட்காமல் எந்த மாவையும் தொடக் கூடாது. கேட்கப் போகும்போது டின்னையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

பெயர் தெரியாத பொட்டலங்களை வாங்காதீர்கள். 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலில் மெலமின் என்ற இரசாயனத்தைச் சேர்த்தார்கள். உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுவது வழக்கமான சோதனை. மெலமினில் நைட்ரஜன் மிகுதி. ஆகவே புரதம் இல்லாத பாலும் சோதனையில் தேறிவிட்டது. அந்தப் பால்மாவைக் குடித்த ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டிலும், உடம்பைத் தேற்றும், வலியைப் போக்கும் என்று விற்கப்பட்ட பதிவில்லாத பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகள் ஒளித்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அதிகாரிகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத பொருள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்லப்படும் மாவு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் வேண்டாம்.

வாசலில் வந்து விற்பவரிடம் ஏமாந்துவிட்டால் வழியே இல்லை என்று எண்ணாதீர்கள். 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி, வீட்டு வாசலில் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மறுபடி யோசித்து, எழுத்து மூலம் ரத்துச் செய்யப் பத்து வேலை நாள் அவகாசம் உண்டு. ஆகவே ரசீது கேட்டு வாங்குங்கள். டின்னை உடனே திறக்காதீர்கள். அதற்கும் அப்பால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம்.

இறுதியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய சத்துமாவு ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், வேர்க்கடலை மாவு முக்கால் பங்கும் கடலை மாவு கால் பங்கும் சேர்த்து ஒரு புரத உணவை முன்பே உருவாக்கியது. நம் வீட்டில் செய்ய, கேழ்வரகு 200 கிராம், பச்சைப்பயறு 200 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், வேர்க்கடலை 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கடலையை இலேசாகச் சூடுகாட்டினால் போதும். மற்றவற்றைத் தனித்தனியே மணம் வரும்வரை வறுத்து, எல்லாம் ஆறியதும் அரைத்துச் சலியுங்கள். இதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம் புரதம் இருக்கும். அந்த 98 வெள்ளி டின்னில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! கருத்த, சுருங்கிய, பூசணம் பிடித்த கடலையை ஒன்றுகூட விடாமல் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. வறுத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் அதை விட்டுவிட்டுப் பயற்றைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிண்டிக் கொதிக்கவிட்டுக் கஞ்சியாகக் கொடுங்கள்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்றார்கள் நம் முன்னோர். வாசலுக்கு வரும் டின்காரருக்குக் கொடுப்பதை மீன்காரருக்கும் முட்டைக்காரருக்கும் கொடு என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தாயார் மீதித் தவணையைக் கட்டி முடிக்க வேண்டியதாயிற்று. திறந்த டின்னைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆனால் மறு வாரமே அந்தப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவில் அவித்த முட்டை ஒன்று இருந்தது. பாதியைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள் என்பது வேறு செய்தி!